எண்பத்துநாலு வீட்டு விவரம்

உக்காருங்க. இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளி உக்காருங்க, அங்கே வெயில் வந்துரும். பதினொரு மணிக்குக் கூப்பிடறோம்னாங்க, இப்ப மணி பன்னெண்டரை. உங்க கேஸ் என்னங்க? விபத்துக் கேஸா? சரி சரி, அது இழுக்கும். நான் சாட்சிங்க. ஏழாவது சாட்சி. கோர்ட்டு வராந்தாவுல உக்காந்திருந்தாலே சனங்க ஒரு மாதிரியாத்தான் பாக்கறாங்க, அதனால நான் முதல்லயே சொல்லிர்றது.

என் பேரு சென்னியப்பனுங்க. மில்லுல முப்பத்தோரு வருசம் டைம் ஆபீஸ். யாரு எத்தனை மணிக்கு உள்ளே வந்தா, யாரு வெளிய போனா, யாரு மாமியார் செத்துப் போச்சுன்னு ரெண்டாவது தடவை லீவு கேக்கறா, எல்லாம் நம்ம நோட்டுல இருக்கும். ரிட்டயர்டு ஆனதும் சரவணம்பட்டிப் பக்கம் அடுக்குமாடி வீடு ஒண்ணு வாங்கிப் போனோம். பவளமல்லி என்கிளேவ்னு பேரு. எண்பத்துநாலு வீடு. நான் போறப்ப அங்கே என்ன இருந்துச்சுங்கறீங்க? ஒண்ணும் இல்லை. எந்த வீட்டுல யாரு இருக்கா, வாடகையா சொந்தமா, ஒருத்தனுக்கும் தெரியாது. வாட்ச்மேன்கிட்ட பால்காரன் கணக்கு மாதிரி ஒரு கிழிஞ்ச நோட்டு. அவ்வளவுதான்.

ஆறு வருசம் நான் செயலாளருங்க. சம்பளம் கிடையாது. ஒரு டீ கூட சங்கத்துக் காசுல குடிச்சதில்லை. முதல் வேலையா என்ன பண்ணுனேன், ஃபாரம் அடிச்சேன். பேரு, ஆதார், போட்டோ, வேலை பாக்கற இடம், வீட்டுல எத்தனை பேரு, குழந்தைங்க எந்த ஸ்கூலு, வண்டி நம்பரு, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடறது, எல்லாம். எங்க மாப்பிள்ளை பெங்களூருல இருக்காரு, அவருதான் சொன்னாரு, மாமா, பேப்பரா வெச்சுக்காதீங்க, கிளவுடுல ஏத்திருங்க, வீடே எரிஞ்சாலும் விவரம் அப்படியே இருக்கும்னாரு. நமக்கு அது புடிச்சுப்போச்சு. ராப்பகலா உக்காந்து நானே ஒத்தை விரல்ல அடிச்சேனுங்க. எண்பத்துநாலு வீடு. அடியில ‘தயாரிப்பு: சென்னியப்பன், செயலாளர்’னு போட்டேன். ஏன் போடக்கூடாதா? உழைச்சது நாமதானே.

பொறவு அந்த லிங்க்கை வாட்ஸப் குரூப்புல போட்டேன். சங்கத்துக்கு ஒரு வெப்சைட்டு இருந்துச்சு, அதுலயும் போட்டேன். கேட்டுல ஒரு சதுரக் கட்டம், புள்ளி புள்ளியா இருக்குமே, போனைக் காட்டுனா திறக்கும், அதை பிரிண்ட் எடுத்து ஒட்டுனேன். வாட்ச்மேன் மாறிக்கிட்டே இருக்கான், ஒவ்வொருத்தனுக்கும் சொல்லிக்குடுக்க முடியுமா? காட்டுனா திறக்கணும். அவ்வளவுதான்.

பி பிளாக்குல சுகிர்தான்னு ஒரு பொண்ணு. கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை. ஒரு நாள் என்னைப் புடிச்சுக்கிட்டு, “அங்கிள், இது யாரு வேணா பாக்கற மாதிரி ஓப்பனா இருக்கு. பாஸ்வேர்ட் போடுங்க. இல்லாட்டி எங்க விவரத்தையாவது எடுத்துருங்க”ன்னா. நான் சொன்னேன், “அம்மிணி, இங்கே பாதிப்பேரு அறுவது வயசு தாண்டுனவங்க. பாஸ்வேர்டை எவன் ஞாபகம் வெச்சிருப்பான்? நம்ம என்ன பேங்க்கா நடத்தறோம்?”னேன். ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி வந்தா. நான் குரூப்புலயே போட்டுட்டேன், ‘சங்க வேலையில அனுபவம் இல்லாதவர்கள் ஆலோசனை சொல்ல வேண்டாம்’னு. பதினெட்டுப் பேரு கை தட்டற பொம்மை போட்டாங்க. அதுக்கப்பறம் அந்தப் பொண்ணு வாயைத் திறக்கலை.

இப்ப கேஸுக்கு வர்றேன்.

போன வருசம் சி பிளாக்குல மூணாவது மாடிக்கு ஒரு பொண்ணு வாடகைக்கு வந்துச்சு. தமயந்தின்னு பேரு. முப்பத்திமூணு வயசு இருக்கும். கூட ஒரு பெண்குழந்தை, நிலானி, ஏழு வயசு. பல்லு ஆஸ்பத்திரிக்கெல்லாம் பல்லு செஞ்சு குடுக்கற லேப் இருக்குது பாருங்க, அதுல வேலை. அரிசி மாதிரி சின்னச் சின்னப் பல்லைச் செதுக்கி, கலரு குடுக்கோணுமாம். நல்ல வேலைக்காரின்னுதான் சொன்னாங்க. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனா ஃபாரத்தைக் குடுத்தா பாதி வெறுமையாக் குடுத்துச்சு. போட்டோ இல்லை. ஸ்கூலு பேரு இல்லை. கணவர் பெயருங்கற இடத்துல ஒரு கோடு.

“என்னங்கம்மிணி, கோடு போட்டிருக்கீங்க?”

“இல்லைங்க சார்.”

“இல்லைன்னா? காலமாயிட்டாருங்களா?”

தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்குது. எனக்கு இந்த மௌனம் ஆகாதுங்க. மில்லுலயும் இப்படித்தான், எவன் வாயைத் திறக்காம நிக்கறானோ அவன்கிட்ட ஏதோ இருக்குது. நான் ஒண்ணும் கத்தலை. விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே? ஃபாரம் முழுசா வர்ற வரைக்கும் கேட் பாஸ் கிடையாதுன்னேன். சிலிண்டர்காரன் உள்ளே வரக்கூடாது. ஸ்கூலு வேன் உள்ளே வரக்கூடாது, குழந்தையை மெயின் ரோட்டுல இறக்கி விட்டுட்டுப் போகோணும். அப்ப ஐப்பசி மழை. அந்தக் குழந்தை நனைஞ்சுக்கிட்டே புத்தகப்பையைத் தலையில வெச்சுக்கிட்டு வரும். எங்க வீட்டுக்காரி ராஜாமணி பால்கனியில இருந்து பாத்துட்டு, “பச்சைப் புள்ளைகிட்ட என்னங்க விதி?”ன்னா. நான் சொன்னேன், இன்னிக்கு இவங்களுக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கோடு போடுவாங்கன்னு.

மூணு வாரம். அப்பறம் தானா ஆபீஸ் ரூமுக்கு வந்துச்சு. கதவைச் சாத்திட்டுப் பேசலாமுங்களான்னு கேட்டுச்சு. நான் சாத்தலை. ஒரு பொண்ணுகூட ரூமுக்குள்ள கதவைச் சாத்திட்டு இருந்தா நாலு பேரு என்ன பேசுவாங்க? வாட்ச்மேன் பக்கத்துலதான் நின்னான், அதனால அது மெதுவாத்தான் பேசுச்சு. புருசன் அடிப்பானாம். திண்டுக்கல் பக்கம். பேரு கிருபாகரன். டிராக்டர் பார்ட்ஸ் விக்கற கடை. ஒரு தடவை கழுத்துல காலை வெச்சு அழுத்திட்டானாம். குழந்தையைத் தூக்கிக்கிட்டு, கட்டுன துணியோட பஸ் ஏறி வந்துருச்சாம். அவனும் வீடு வீடாத் தேடிக்கிட்டுத் திரியறானாம். “நாங்க எங்கே இருக்கோம்னு மட்டும் அவருக்குத் தெரியக்கூடாதுங்க சார். வேற என்ன வேணாக் கேளுங்க”ன்னு அழுதுச்சு.

எனக்கும் மனசு இளகுதுங்க. நானும் பொண்ணைப் பெத்தவன்தானே. “அழுவாதம்மிணி. என் வாயில இருந்து ஒரு வார்த்தை வெளிய போகாது”ன்னேன். இன்னிக்கு வரைக்கும் அந்த வார்த்தையை நான் மீறலை. எவன்கிட்டயும் வாயைத் திறந்து சொன்னதில்லை. அன்னிக்கே நானே போன்ல போட்டோ எடுத்து, தாயும் புள்ளையும் சேந்த மாதிரி, ஏத்துனேன். லேப் பேரு, ஸ்கூலு பேரு, வீட்டு நம்பரு, எத்தனை மணிக்கு வேலை முடிஞ்சு வரும், எல்லாம் போட்டேன். குறிப்புன்னு கடைசியில ஒரு கட்டம் உண்டு. அதுல ‘கணவரைப் பிரிந்து வாழ்பவர். இங்கே இருப்பது கணவருக்குத் தெரியக்கூடாது’ன்னு அடிச்சேன். வாட்ச்மேனுக்குத் தெரியணுமில்லீங்க? அது அந்தப் பொண்ணோட பாதுகாப்புக்குத்தான் போட்டது. அதை யாரும் யோசிக்க மாட்டேங்கறாங்க.

மறுநாளே பாஸ் குடுத்துட்டேன். வேனும் உள்ளே வந்துச்சு. குழந்தை எனக்கு டாட்டா காட்டும்.

தை மாசம். வியாழக்கிழமை. சாயங்காலம் நாலு மணி சுமாருக்கு நான் கேட்டு ரூமுல உக்காந்திருந்தேன். ஒருத்தரு வந்தாரு. வெள்ளைச் சட்டை, நெத்தியில திருநீறு, கையில ஒரு துணிப்பை. இன்னிக்கு உள்ள ஆளுங்க மாதிரி வாட்ச்மேனைத் தள்ளிக்கிட்டு உள்ளே போகலை. கையெடுத்துக் கும்பிட்டாரு. ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டாரு. பேரு கிருபாகரன், நேரம் நாலு மூணு, வந்த காரணம் ‘குடும்பம்’. ஆதாரைக் கேட்டேன், எடுத்து நீட்டுனாரு. எண்பத்துநாலு வீட்டுக்காரங்கள்ல ஒருத்தன் அப்படிச் சிரிச்ச முகமா ஆதாரை எடுத்துக் குடுத்ததில்லைங்க.

பேரைப் பாத்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கேட்டேன். கேக்காம இல்லை. “ஏனுங்க, நீங்க வர்றது அந்த அம்மிணிக்குத் தெரியுங்களா?”ன்னேன்.

“அவதாங்கய்யா வரச் சொன்னா. எல்லாம் பேசித் தீந்துருச்சு. குழந்தைக்குத் தெரியாது, அதுக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னு பாத்தேன். போன் பண்ணீராதீங்க”ன்னாரு. கண்ணு கலங்கியிருந்துச்சுங்க அந்த மனுசனுக்கு. முப்பத்தோரு வருசம் ஆளுகளைப் பாத்தவன் நான். பொய் சொல்றவன் கண்ணு எனக்குத் தெரியாதா?

சி பிளாக்குக்கு வழி தெரியாம முழிச்சாரு. நானே கூட்டிட்டுப் போனேன். லிஃப்டுல பட்டனை அமுக்குனதும் நான்தான். மேல போறப்ப, “குழந்தைன்னா ரெண்டு பேரும் விட்டுக் குடுத்துப் போகோணுமுங்க”ன்னு சொன்னேன். “ஆமாங்கய்யா, இனிமே நீங்க சொல்ற மாதிரி”ன்னாரு. பெல் அடிச்சோம். நான் நின்னதால கதவைத் திறந்துச்சு. கதவுல இருக்கற கண்ணாடி ஓட்டை வழியாப் பாத்திருக்கும்போல, என் முகம் தெரிஞ்சிருக்கும். செயலாளர்னு நம்பித் திறந்துச்சு.

துணிப்பையில அரிவா இருக்கும்னு நான் கண்டனா?

நெம்ப விவரமா வேண்டாமுங்க. தலையைக் காப்பாத்திக்கறதுக்குக் கையைக் குறுக்கே நீட்டிருச்சு. வலது கை. மூணு விரலு போச்சு. தோள்பட்டையில ஒண்ணு. குழந்தை ஸ்கூலு யூனிபாரத்தோட சோபாவுல உக்காந்து பிஸ்கட் தின்னுக்கிட்டு இருந்துச்சு. அப்படியே கையில புடிச்சபடி இருந்துச்சு. நான் சத்தம் போட்டேன். பக்கத்து வீட்டுப் பையனுங்க ஓடி வந்து அவரை அமுக்கிப் புடிச்சாங்க. ராஜாமணிதான் துண்டைச் சுத்தி ஆம்புலன்ஸுல கூடவே போனா. விரலை ஐஸ் பெட்டியில போட்டு எடுத்துட்டுப் போனாங்க, ஒட்டலை.

எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கலைங்க. அதை யாராவது கேட்டாங்களா?

அன்னிக்குச் சாயங்காலமே ஆளாளுக்கு ஒண்ணு பேச ஆரம்பிச்சுட்டாங்க. ஒருத்தன் திருடன்ங்கறான், ஒருத்தன் கள்ளத்தொடர்புங்கறான். ஒரு பொண்ணோட பேரு கெடக்கூடாதில்லீங்க? மாடிக்கு மாடி லிஃப்டு வாசல்ல கேமரா இருக்குது, அதுவும் கிளவுடுலதான் ஏறும், பாஸ்வேர்ட் என்கிட்ட. அதை எடுத்து, நடந்தது இதுதான்னு குரூப்புல போட்டுட்டேன். கதவுல இருந்து அந்தப் பொண்ணு வெளிய தவழ்ந்து வர்றது வரைக்கும் இருக்கும். நான் எங்க குரூப்புல மட்டும்தான் போட்டேன். அது ராத்திரிக்குள்ள மதுரை வரைக்கும் போயிருச்சுன்னா அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? குழந்தையோட ஸ்கூலுலயும் வந்துருச்சு. அது வகுப்புல ஒரு பையன் தரையில தவழ்ந்து காட்டுனானாம். அதுக்கப்பறம் அந்த ஸ்கூலுக்குப் போக மாட்டேன்னுருச்சு.

போலீசு வந்தாங்க. அந்தக் கிருபாகரன் சட்டைப்பையில ஒரு பேப்பரு மடிச்சு இருந்துச்சு. நம்ம விவரம்தான். அவளோட பேரை இங்கிலீஷுல அடிச்சுத் தேடியிருக்காரு, நம்ம வெப்சைட்டு வந்துருச்சு. பிரிண்ட் எடுத்திருக்காரு. குறிப்புல நான் எழுதுனதுக்குக் கீழே பேனாவுல கோடு போட்டிருந்தாரு. அடியில என் பேரு. அந்த இன்ஸ்பெக்டரு, என் மகன் வயசுதான் இருக்கும், “பெரியவரே, இதை நீங்களா எழுதுனீங்க?”ன்னு கேட்டாரு. கேட்ட தோரணை இருக்குது பாருங்க. “ஆமா, நான்தான். எண்பத்துநாலு வீடும் நான்தான் எழுதுனேன்”னு சொன்னேன். எனக்கு என்ன பயம்? பட்டியலைப் பாத்து ஒருத்தன் வெட்டுனா பட்டியல் எழுதுனவன் குத்தமா? அந்தப் பொண்ணு முதல்லயே ஃபாரத்தை ஒழுங்காக் குடுத்திருந்தா நான் குறிப்பே எழுதியிருக்க மாட்டேன். கணவர் பேரை எழுதிட்டு, ஊருல இருக்காருன்னு போட்டிருந்தா முடிஞ்சுது. கோடு போட்டதுனாலதானே இத்தனையும்?

ஞாயித்துக்கிழமை கூட்டம் போட்டாங்க. நான் போறதுக்கு முன்னாலயே நாற்காலி எல்லாம் வட்டமாப் போட்டு, என்னை நடுவுல உக்கார வெச்சாங்க. அந்த சுகிர்தா எழுந்திருச்சா. கத்தலை. “அங்கிள், நான் ரெண்டு தடவை சொன்னேன்”னா. அவ்வளவுதான், உக்காந்துட்டா. அப்பறம் என்னை நீக்கோணும்னு கை தூக்குனாங்க. அன்னிக்குக் கை தட்டற பொம்மை போட்ட பதினெட்டுப் பேரும் சேந்துதான் கையைத் தூக்குனாங்க. ஆறு வருசம் உழைச்சவனுக்கு ஒரு சால்வை கிடையாது, ஒரு நல்ல வார்த்தை கிடையாது. சாவியை மேசையில வெச்சுட்டுப் போங்கன்னாங்க. மனுசனுக்கு நடக்கற கொடுமையில இது ஒரு கொடுமைங்க.

இப்ப லிஃப்டுல நான் ஏறுனா இறங்கிக்கறாங்க. ராஜாமணி என்கிட்ட சரியாப் பேசறதில்லை. காப்பியைக் கையில குடுக்கறதில்லை, மேசையில வெச்சுட்டுப் போயிர்றா. அவளுக்குச் சர்க்கரை ஏறிருச்சு, அதுதான் எரிச்சல்.

அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரியில இருந்து நேரா வேற வீட்டுக்குப் போயிருச்சு. எங்கேன்னு யாருக்கும் சொல்லலை. எனக்கு மனசு கேக்கலைங்க. அப்பறம் ஒரு நாள் அது பேருக்கு ஒரு பார்சல் வந்துச்சு. போன் பண்ணுனா நம்பரே மாத்தியாச்சு. சாமான் ஏத்திட்டுப் போன டெம்போ நம்பரு நம்ம கேட்டு ரிஜிஸ்டர்ல இருந்துச்சு. பதவியை விட்டாலும் ரிஜிஸ்டரோட போட்டோ என் போன்ல இருக்குதுங்களே. டெம்போக்காரனைப் புடிச்சேன், அவன் வீட்டைச் சொல்லிட்டான். தபால்ல போட்டா தொலைஞ்சுரும்னு, இந்த வயசுல ரெண்டு பஸ் மாறி நானே எடுத்துட்டுப் போனேன். வீடு பூட்டியிருந்துச்சு. குழந்தையைக் கூப்பிடப் புது ஸ்கூலுக்குப் போயிருக்குன்னு, ஸ்கூலு பேரையும் சேத்துக் கீழ்வீட்டுல சொன்னாங்க. சரின்னு அங்கேயே போனேன். பின்பக்கத்து கேட்டுல, முக்காட்டைப் போட்டுக்கிட்டு, சுவரோட ஒட்டி நின்னுச்சு. வெட்டுப்பட்ட கையில துணி உறை.

“அம்மிணி, பார்சல்”னு நீட்டுனேன்.

என்னைப் பாத்ததும் ரோட்டை ரெண்டு பக்கமும் திரும்பிப் பாத்துச்சுங்க. “எப்படிச் சார் கண்டுபுடிச்சீங்க?”ன்னுச்சு. நான் டெம்போ விசயத்தைச் சொன்னேன். நன்றின்னு ஒரு வார்த்தை வரலை. பார்சலையும் வாங்கலை. குழந்தையை இழுத்துக்கிட்டு ஆட்டோவுல ஏறிப் போயிருச்சு. அடுத்த வாரம் அந்த வீட்டையும் காலி பண்ணிருச்சாம். இதுக்கு மேல நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க? நல்லது செய்யப் போனாலும் இந்தக் காலத்துல இதுதான் மரியாதை. அந்தப் புது ஸ்கூலை மட்டும் மாத்தலையாம். வருச நடுவுல எங்கே மாத்தறது?

அதோ பாருங்க, தூணுக்குப் பக்கத்துல, அரசு வக்கீலோட நிக்குதே, அதுதான். நான் வந்ததும் கும்பிட்டேன். திரும்பிக்கிச்சு.

கிருபாகரனுக்கு ஜாமீன் குடுத்துட்டாங்க. பாவம், எளைச்சுப் போயிட்டாரு. அவரோட வக்கீலு தங்கமான மனுசனுங்க. காலையில என்னைத் தனியாக் கூப்பிட்டு டீ வாங்கிக் குடுத்தாரு. “அய்யா, நீங்க எதையும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். என் கட்சிக்காரர் கையெழுத்துப் போட்டுட்டு, உங்க அனுமதியோட, உங்க கூடவே வந்தாரு. அத்துமீறி நுழையலை. அந்தம்மா ஃபாரத்துல உண்மையை மறைச்சாங்க. இதைச் சொன்னாப் போதும்”னாரு. எல்லாம் நடந்ததுதானே? நான் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது? இத்தனை மாசத்துல என்னை மரியாதையா உக்கார வெச்சுப் பேசுன ஒரே ஆளு அவருதான்.

போறப்ப இன்னொண்ணும் கேட்டாரு. தகப்பன் குழந்தையைப் பாக்கோணும்னு தனியா ஒரு மனு போடறாங்களாம். இப்ப எந்த ஸ்கூலுல படிக்குதுன்னு அந்தப் பக்கம் சொல்ல மாட்டேங்கறாங்களாம். “உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே அய்யா”ன்னாரு. பெத்த தகப்பன் கேக்கறாரு, அதுல என்னங்க தப்பு?

கூப்பிடறாங்க, கேட்டுச்சுங்களா? சென்னியப்பன். நான்தான். இருங்க, வர்றேன்னு கையைக் காட்டிட்டேன்.

எழுதிக் குடுத்துட்டேனுங்க. ஸ்கூலு பேரு, தெரு, பஸ் ஸ்டாப்பு. வக்கீலு அதுக்கு மேல ஒண்ணும் கேக்கலை. முன்வாசல்ல போய் நின்னா பாக்க முடியாது, நாலேகாலுக்குப் பின்பக்கத்து கேட்டுலதான் அம்மாக்காரி குழந்தையைக் கூப்பிட வரும்னு நானாத்தான் சேத்து எழுதுனேன். எதையும் அரைகுறையாச் செஞ்சு நமக்குப் பழக்கமில்லீங்க.